டாக்பேக் பொத்தான்

பாட்டுப் பதிவு செய்கிற மிக்சரில் இரைச்சல் கேட்டது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. பழைய மிக்சர் என்றால் இரையத்தான் செய்யும். இரையாத பழைய மிக்சரை யாராவது விற்க வந்தால், சுரேஷ்கண்ணன் மிக்சரை விட்டுவிட்டு வந்த ஆளைத்தான் ஏற இறங்கப் பார்ப்பான். ஆனால் இந்த இரைச்சல் விட்டு விட்டு வந்தது.

ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மறுபடி கேட்டான். அடியில் ஒரு ‘ம்ம்ம்’. கொஞ்ச நேரம் ஓடும், பிறகு நின்றுவிடும். சரி, தொலைந்தது என்று ஹெட்போனைக் கழற்றப் போகிற நேரம் பார்த்து மறுபடி ஆரம்பிக்கும். எர்த் சரியில்லாமல் வருகிற இரைச்சல் இப்படி ஓய்வெடுக்காது. அது பாட்டுக்கு ஒரே சீராக, கேட்கிறவன் காது புளிக்கும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். எர்த் ஒயரைப் பிடுங்கி வேறு பிளக்கில் சொருகிப் பார்த்தான். பவர் சப்ளை பெட்டியைத் தள்ளி வைத்தான். உள்ளே போய் ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு வந்தான். இரைச்சல் அது பாட்டுக்கு வந்தது, நின்றது, வந்தது.

கம்பம்மெட்டு ரோட்டில் அவன் வீட்டு முன்னறைதான் பட்டறை. மூடப்பட்ட ஸ்டுடியோக்களிலிருந்து பழைய சாமான்களை வாங்கி, துடைத்து, அறுந்ததை ஒட்டவைத்து விற்பது அவன் தொழில். ஆடிச் சாரல் ஆரம்பித்திருந்தது. மலையிலிருந்து இறங்கிய ஈரக்காற்று ஜன்னல் திரையை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தது. பின்னாலிருந்த திராட்சைத் தோட்டத்தில் காலையில் அடித்த மருந்தின் வாடையும், சால்டரிங் முனையில் கருகிய ரெசின் வாடையும், பஞ்சுக்குச்சியில் நனைத்த ஆல்கஹாலின் சுள்ளென்ற நெடியும் அந்தச் சின்ன அறையில் வெளியே போக வழி தெரியாமல் சுற்றின. இதற்கெல்லாம் மேலே இன்னொரு வாசம் இருந்தது. காதோரப் பஞ்சில் ஊறிக் கிடந்த ஜவ்வாது அத்தர். அது ஷரீபின் ஹெட்போன். மிக்சரும் ஷரீபுடையதுதான்.

கம்பம் பள்ளத்தாக்கில் ஷரீபின் முகத்தைப் பார்க்காதவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். குரலைக் கேட்காதவர்கள் கிடையாது. ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடியா, வீரபாண்டித் திருவிழாவுக்கு ராட்டினம் வந்திருக்கிறதா, யார் வீட்டுப் பசுமாடாவது காணாமல் போய்விட்டதா, ஆட்டோவில் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு கூடலூரிலிருந்து தேனிவரை சொல்லிக்கொண்டு போகிற குரல் அவருடையதுதான். உத்தமபாளையத்தில் வீட்டிலேயே சின்ன ஸ்டுடியோ வைத்திருந்தார். சுரேஷ்கண்ணன் தொழிலுக்கு வந்த புதிதில், இவனை நம்பி ஒரு ஒயரைக்கூட யாரும் கொடுக்காத காலத்தில், முதல் வேலையைக் கூப்பிட்டுக் கொடுத்தவர். அன்றைக்கு ‘அண்ணே’ என்று கூப்பிட ஆரம்பித்தவன், அவர் மனைவி மெகருன்னிசாவை ‘மதினி’ என்றான். போன வருஷம் ஷரீப் மூளையில் ரத்தக்குழாய் அடைத்து விழுந்தார். வலது பக்கம் போயிற்று. பேச்சும் போயிற்று. கண் மட்டும் மிச்சம்.

மதுரைக்குக் கூட்டிப்போய் வைத்தியம் பார்ப்பதற்காக மிக்சரை விற்றுவிடலாம் என்று மெகருன்னிசா போன் செய்தார். வேறு யாரிடமும் சொல்லவில்லையாம். முதலில் தம்பியிடம்தான் கேட்க வேண்டும் என்று தோன்றியதாம்.

போனான். பாடுகிறவர்கள் நின்று பாடும் கண்ணாடி அறைக்குள்தான் ஷரீபுக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். வீட்டில் ரோட்டுச் சத்தம் நுழையாத அறை அது ஒன்றுதான். சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு. படுக்கைப்புண் வராமலிருக்கக் காற்று மெத்தை. ஓரமாக நின்று தலையாட்டும் மின்விசிறி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம், மிக்சர் முன்னால், ஷரீபின் காலி நாற்காலி.

பழைய சாமான் வாங்குகிறவர்களிடம் ஒரு கைவேலை உண்டு. வெளியே சொல்லமாட்டார்கள். உள்ளே எப்படி இருக்கிறது பார்க்கிறேன் என்று பின்மூடியைக் கழற்றுவார்கள். உள்ளேயிருக்கும் போர்டுகளை ஒன்றோடொன்று சேர்க்கிற பட்டை ஒயரின் முனையைப் பெருவிரலால் லேசாக நெம்பிவிடுவார்கள். கழன்று விழாது, பிடிப்பு மட்டும் போய்விடும். பிறகு ஸ்விட்சைப் போட்டால் பாதி விளக்கு எரியாது. உதட்டைப் பிதுக்கி ‘போர்டு போயிருச்சே’ என்றால் விலை தானாக இறங்கிவரும். வீட்டுக்கு வந்து ஒரு அழுத்து அழுத்தினால் செத்தது பிழைத்துக்கொள்ளும். எரிகிற வீட்டில் பிடுங்கியது மிச்சம் என்கிற கணக்கு.

ஷரீப் வீட்டில் அதைச் செய்ய வேண்டும் என்று அவன் போகவில்லை. இதை அவன் தனக்குத்தானே எத்தனையோ முறை சொல்லிக்கொண்டான், சொல்லச் சொல்லக் கேவலமாகத்தான் இருந்தது. நியாயமான விலை ஒன்றை மனதில் வைத்துக்கொண்டுதான் போனான். மெகருன்னிசா டீ போட உள்ளே போனார். மூடியைக் கழற்றினான். கை அதன் பழக்கத்தில் போய் நெம்பியது. நிமிர்ந்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஷரீப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நொடியிலேயே திரும்ப அழுத்தியிருக்கலாம். ஒரு விரல் வேலை. அதற்குள் மெகருன்னிசா டீயோடு வந்துவிட்டார். டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய், முக்காட்டு நுனியால் கணவரின் வாயோரத்தில் வழிந்த எச்சிலைத் துடைத்தார். துடைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார், இவனைப் பார்த்தார், சிரித்தார்.

“பாருங்க தம்பி, நீங்க வந்ததுலருந்து அவுக கண்ண ஒங்க மேலருந்து எடுக்கவே இல்ல. யாரு வந்தாலும் இப்பிடிப் பாக்க மாட்டாக. ஒங்க மேல அம்புட்டுப் பிரியம்.”

உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்பார்கள். இவன் உண்டுகொண்டிருக்கும்போதே செய்தான். டீயைக் குடித்து முடித்து, ஸ்விட்சைப் போட்டு, உதட்டைப் பிதுக்கினான். அந்தம்மா முகம் விழுந்தது. பிறகு அவரே இவனைத் தேற்றினார். உங்களால் முடிந்ததைக் கொடுங்கள், கெட்டுப்போன பெட்டியைச் சுமக்கிறதே பெரிது என்றார். கிளம்பும்போது ஷரீபின் ஹெட்போனையும் எடுத்துக் கொடுத்தார், இனி இது யாருக்கு என்று. பிள்ளைக்குக் கொடுங்கள் என்று ஒரு பை நிறையப் பன்னீர் திராட்சையும் கொடுத்தார். பை மூன்று நாளாக அப்படியே பட்டறை மூலையில் கிடந்தது. மகளுக்குக் கொடுக்கவும் மனசு வரவில்லை, தூக்கிப்போடவும் மனசு வரவில்லை.

வீட்டுக்கு வந்து பட்டை ஒயரை அழுத்தியபோது மிக்சரின் விளக்குகள் எல்லாம் ஒரே சமயத்தில் எரிந்தன. வழக்கமாக அந்த நேரம் ஒரு சந்தோஷம் வரும். அன்றைக்கு முகத்தில் வெயில் அடித்ததுபோல உடம்பு கூசியது. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். மிக்சரை வாங்கிக்கொள்ள சின்னமனூர் வினோத்ராஜ் அந்த வாரக் கடைசியில் வேனோடு வருவதாகச் சொல்லியிருந்தான். விற்றபிறகு ஏதாவது ஒரு பேர் சொல்லி மீதியைக் கொடுத்துவிட்டால் போயிற்று.

கெட்ட காரியம் செய்தவன் அடுத்த நல்ல காரியத்தை இரண்டு மடங்கு சுத்தமாகச் செய்வான். சுரேஷ்கண்ணன் அதன்பிறகு இதைத் துடைத்ததுபோல எந்த மிக்சரையும் துடைத்ததில்லை. பிளக் சொருகும் ஒவ்வொரு துளையிலும் பஞ்சுக்குச்சியை விட்டுத் திருப்பினான். பச்சை பூத்திருந்த பின்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துப் பளபளப்பாக்கினான். மேலும் கீழும் தள்ளுகிற ஃபேடர்களுக்குள் ஸ்ப்ரே அடித்து, கரகரப்புப் போகிறவரை ஓட்டினான். விரிசல் விட்ட ஈயத்தை உருக்கி மறுபடி வைத்தான். ஃபேடர்களுக்குக் கீழே ஷரீப் ஒட்டிய வெள்ளை டேப்பில் அவர் கையெழுத்து இருந்தது: தபேலா, கீபோர்டு, தவில். எல்லாவற்றையும் உரித்துப் பசையையும் துடைத்தான். ‘குரல்’ என்று எழுதியிருந்ததை மட்டும் உரிக்கக் கை வரவில்லை.

துடைக்கத் துடைக்க இரைச்சல் போகவேண்டும். இது போகவில்லை, இன்னும் தெளிந்தது.

முதலில் ‘ம்ம்ம்’ மட்டும்தான். பிறகு அதற்குப் பின்னால் ஒரு ‘டொக்’. கொஞ்சம் பொறுத்து இன்னொரு ‘டொக்’. உள்ளே எங்கேயோ ரிலே ஸ்விட்ச் அடிக்கிறது என்று நினைத்தான். இன்னும் இரண்டு துளைகளைத் துடைத்துவிட்டுக் கேட்டபோது, அந்த ‘டொக்’குக்கு முன்னால் காற்று வந்து போவது தெரிந்தது. இடமிருந்து வலம். டொக். வலமிருந்து இடம். டொக். மின்விசிறி தலையைத் திருப்பி முடிக்கிற இடத்தில் வருகிற சத்தம்.

அந்த மின்விசிறியை அவன் பார்த்திருக்கிறான். ‘ம்ம்ம்’ என்று ஓடி நின்று ஓடுகிற காற்று மெத்தையின் மோட்டாரையும்.

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான். சாரல் ஓட்டின் மேல் சலசலத்தது. வெளியே ஜீப் ஒன்று மேட்டில் கியர் மாற்றிப் போனது. ஹேமாவதி ரேஷன் கடைக்குப் போய்விட்டு, டியூஷனிலிருந்து மகளையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தாள். வீட்டில் யாருமில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும், அதுதான் இது என்று தன்னைத்தானே வைதுகொண்டான். மிக்சரில் ஒலி நுழைய ஒரே வழிதான் பாக்கி, அதையும் அடைத்துவிட்டால் தீர்ந்தது.

அந்த வழியின் பேர் டாக்பேக். பெரிய விஷயமில்லை. பாடுகிறவர் கண்ணாடி அறைக்குள் இருப்பார், பதிவு செய்கிறவர் மிக்சர் முன்னால். நடுவில் சத்தம் போகாது. ‘இன்னொரு வாட்டி பாடுங்க’ என்று உள்ளே சொல்லவேண்டுமென்றால் மிக்சரில் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு, பக்கத்திலிருக்கும் குட்டி மைக்கில் பேசவேண்டும். சிவப்பு விளக்கு எரியும். விரலை எடுத்தால் பொத்தான் எழும்பும், விளக்கு அணையும், பேச்சு அறுந்துவிடும். ஷரீபின் பெருவிரல் பட்டுப்பட்டு அந்தப் பொத்தான் குழிந்திருந்தது. சில சமயம் எழும்பாமல் சிக்கியது. அந்த ஒன்றைத்தான் சுத்தம் செய்யாமல் கடைசிக்கு ஒதுக்கியிருந்தான்.

குட்டி மைக்கின் ஒயரைப் பிடுங்கி மேசையில் போட்டான். ‘குரல்’ ஃபேடர் அடிமட்டத்தில் இருப்பதை இன்னொரு முறை பார்த்துக்கொண்டான். ஹெட்போனை மாட்டினான்.

ஸ்பூன் டம்ளரில் இடிக்கும் சத்தம். வளையல். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

“இன்னும் ரெண்டே வாய். முழுங்குங்க. ஆங், அம்புட்டுத்தான்.” மெகருன்னிசாவின் குரல், காதுக்குள். “தம்பி தூக்கிட்டுப்போன பொட்டி என்னாச்சோ தெரியல. நம்மளால அவருக்கு நட்டம். கேட்டா ஒண்ணுமில்லம்பாரு. நல்ல மனுசன்.”

பயத்தைவிட அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகள்தான் முதலில் பட்டன. செருப்பால் அடித்திருந்தால் தேவலை.

போனை எடுத்தான். இது ஏதோ ரேடியோ, ஏதோ வேறு வீடு, வேறு தம்பி, என்று நிரூபித்துவிட வேண்டும். மெகருன்னிசாவின் எண்ணை அழுத்தி ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் போனை அந்தக் காதில் வைத்தான். போனில் இன்னும் மணி போகவில்லை. மற்ற காதில், பஞ்சு ஒட்டிய அந்த அறைக்குள், மணி அடித்தது. டம்ளரை வைத்தார்கள். காலடி.

“சொல்லுங்க தம்பி” என்று இரண்டு காதிலும் கேட்டது.

 சொல்வதற்கு ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. போர்டு போகவில்லை மதினி, நான்தான் நெம்பிவிட்டேன். அவ்வளவுதான். அதைச் சொல்லிவிட்டால் கிடைக்கப்போகிற வசவை வாங்கிக்கொண்டு, மிக்சரைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். அதற்குப் பதிலாக, அண்ணனுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டான்.

“அல்லா கிருபைதான் தம்பி. காலையிலருந்து ஒதடு அசையுது. ஏதோ சொல்ல வாராக. வீட்டுக்கு வந்து கையக்கால அசைச்சுவிடுற தம்பி சொன்னாரு, நல்ல குறியாம், பேச்சு வந்துருமாம். மொதல்ல ஒங்களத்தான் கூப்பிடுவேன், பாத்துக்கங்க.”

நல்லது மதினி என்றான். போனை வைத்தான்.

அப்போது அவன் மனதில் வந்ததை எழுதத்தான் வேண்டும். வந்துவிடக் கூடாது என்று நினைத்தான். அந்தப் பேச்சு வரக்கூடாது. தனக்கு முதல் வேலை கொடுத்த மனிதருக்கு, நியாயமாகப் பார்த்தால் இவன் கோயில் கோயிலாகப் போய் வேண்டிக்கொள்ள வேண்டிய அந்த ஒன்று நடந்துவிடக் கூடாது என்று, ஒரு கணம், முழு மனதோடு வேண்டினான். வேண்டி முடித்தவுடன் தான் வேண்டியது இன்னது என்று தெரிந்தது. தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அழுகை வரும்போலிருந்தது, அதற்கும் வெட்கமாக இருந்தது.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மலைப்பக்கம் மேகம் இறங்கி அறை நேரத்துக்கு முன்னாலேயே இருட்டியது. பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு ஆரம்பித்தது. அதே பாங்கு, கொஞ்சம் தள்ளி, வேறு ஊர்ப் பள்ளிவாசலிலிருந்து, மூடிய கதவுக்கு அப்பாலிருந்து கேட்பதுபோல ஹெட்போனிலும் ஒலித்தது. காற்று ஒரு தள்ளு தள்ளியது. எங்கோ ஒயர் உரசியிருக்க வேண்டும், கரண்ட் போனது.

மிக்சரின் விளக்குகள் அணைந்தன. தெருவிளக்கும் போனது. ஃபிரிட்ஜின் முனகல் அடங்கியது. வீடே வாயை மூடிக்கொண்டது.

ம்ம்ம், என்றது காதுக்குள்.

டொக்.

அந்த நேரத்தில் ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு ரோட்டுக்கு ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. அவன் ஓடவில்லை. காதுக்குள் வேறொன்று தொடங்கியிருந்தது. கட்டில் பக்கம் மிக அருகில், ஈரமான வாய் ஒன்று திறப்பதும் மூடுவதும். நாக்கு எதையோ தேடித் தேடி மேலே முட்டியது. மூச்சு திரண்டு வந்து தொண்டையில் நின்றது. ஒரு எழுத்து. முதல் எழுத்து வந்துவிட்டால் மற்றதெல்லாம் வந்துவிடும்.

“சு...” என்றது அந்த மூச்சு.

வலது பெருவிரல் தானாகப் போனது. பட்டை ஒயரை நெம்பிய அதே விரல். டாக்பேக் பொத்தானின் குழியில் அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது. அழுத்தினான். குனிந்து, ஒயர் பிடுங்கிப் போட்டிருந்த அந்தக் குட்டி மைக்கின் பக்கம் வாயை வைத்தான்.

“சொல்லிறாதீக அண்ணே” என்றான். “மதினிட்ட சொல்லிறாதீக.”

சிவப்பு விளக்கு எரிந்தது. கரண்ட் இல்லாத அறையில், அது ஒன்று மட்டும்.

விரலை எடுத்தான். பொத்தான் எழும்பவில்லை. நகத்தால் நெம்பினான். எழும்பவில்லை. மறுபடி நெம்பப் போனபோது விரல் வளையவில்லை. மரத்திருந்தது. மரப்பு மணிக்கட்டுக்கு வந்தது. முழங்கைக்கு வந்தது. கை பொத்தானுக்குப் பக்கத்தில் யாரோ வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரிக் கிடந்தது.

காதுக்குள் தொண்டை செருமியது.

“சொல்லிறாதீக அண்ணே.”

ஷரீபின் குரல் இல்லை. ஊருக்கே தெரிந்த அந்தக் கனத்த குரல் இல்லை. சுரேஷ்கண்ணனுடைய குரல். அவனுடைய கெஞ்சல். அவனுடைய மூக்கடைப்புக்கூட. அந்த அறையிலிருந்து, அந்த வாயிலிருந்து.

“மதினிட்ட சொல்லிறாதீக.”

டம்ளர் விழுந்து உருண்டது. ஓடிவருகிற காலடி. “யா அல்லா. பேசிட்டீகளா? பேசிட்டீகளா? என்னயப் பாருங்க.” மெகருன்னிசா அழுதார், சிரித்தார், மறுபடி அழுதார். பிறகு அந்தக் குரல் தயங்கியது. “எதச் சொல்லக் கூடாது? யாரு அந்த அண்ணே? ஏன் இப்பிடி வேத்தாளு கொரல்ல பேசுறீக?”

மதினி, என்று கத்தினான் சுரேஷ்கண்ணன்.

வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. பட்டறையில் சாரல் மட்டும் கேட்டது. அவன் கத்தியது காதுக்குள் வந்தது, அங்கிருந்து, கட்டிலிலிருந்து.

“மதினி.”

மேசையில் போன் அடித்தது. திரையில் மதினியின் பெயர். சொன்னபடி முதலில் இவனைத்தான் கூப்பிட்டார். இடது கையை நீட்டினான். நீட்டுவதாக நினைத்தான். கை மடியிலேயே இருந்தது. போன் அடித்து அடித்து ஓய்ந்தது. “தம்பி எடுக்க மாட்டேங்குறாரே” என்று காதுக்குள் அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது கேட்டது.

அப்போதுதான் அவனுக்கு உண்மையிலேயே சொல்லிவிடத் தோன்றியது. எந்த மழுப்பலும் இல்லாமல். தப்பித்துக்கொள்ள அல்ல, அந்தம்மா அழுகையைக் கேட்க முடியாமல். வராத குரலைத் திரட்டி, நெஞ்சு கிழிய, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான்.

“போர்டு போகல மதினி,” என்று ஷரீபின் வாய் சொன்னது. “நான்தான் நெம்பிவிட்டேன். நான்தான். என்னய மன்னிச்சிருங்க.”

டொக், என்றது மின்விசிறி.

“ஒண்ணும் இல்ல,” என்றார் மெகருன்னிசா. பிள்ளையைத் தேற்றுகிற குரல். “நீங்க என்னத்த நெம்புனீக? நீங்க யாருக்கு என்ன கெடுதல் பண்ணீக? பேச்சு வந்த புதுசுல இப்பிடித்தான் பொலம்புவாக. பேசாமப் படுங்க.”

“நான் சுரேசு மதினி.”

“ஆமா, தம்பி வருவாரு. நாளைக்கு வரச் சொல்றேன். கண்ண மூடுங்க.”

இல்லை, இல்லை என்று அவன் கத்தக் கத்த, அங்கே அந்த வாய் கத்தியது. மெகருன்னிசா பயந்துபோய் ஓதி ஊதினார். முக்காட்டுத் துணி கன்னத்தில் உரசும் சத்தம் வந்தது. அதன் ஈரம் இவன் கன்னத்தில் படவில்லை. இவன் சொன்னதை ஷரீப் சொன்னதாக, அவர் பிதற்றியதாக, அந்த வீடு எடுத்துக்கொண்டது. இனி எத்தனை முறை சொன்னாலும் அப்படித்தான்.

கரண்ட் வந்தது. குழல்விளக்கு இரண்டு முறை கண் சிமிட்டி எரிந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம். மகள் ஓடிவந்து அப்பா என்று ஒருமுறை கூப்பிட்டுவிட்டு உள்ளே டிவிக்குப் போய்விட்டாள். ஹேமாவதி அரிசிப் பையை இறக்கி வைத்துவிட்டு மூக்கைச் சுளித்தாள்.

“என்னங்க, இந்தத் திராட்சை அழுகி நாறுது, இங்கனயே ஒக்காந்துருக்கீக.” பையை எடுத்துக்கொண்டாள். மிக்சரைப் பார்த்தாள், எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. “அட, ரெடி பண்ணிட்டீகளா? செத்த பொட்டின்னுல்ல சொன்னீக.”

அவன் அவளைப் பார்த்தான். ஹேமா, இதைப் பிடுங்கு. இந்தப் பொத்தானை. ஹேமா.

காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினாள். அதிலிருந்து கொசு பறக்கிற அளவுக்கு மெல்லிசாக ஏதோ ஒரு சத்தம் வந்தது. அவள் பெயராகக்கூட இருந்திருக்கலாம். அவள் அதைக் காதில் வைத்துப் பார்க்கவில்லை. இன்னும் இரைச்சல் போகலையே என்று சொல்லிக்கொண்டே மேசையில் கவிழ்த்து வைத்தாள். சுவரில் மிக்சரின் ஸ்விட்சை அணைத்தாள். விளக்குகள் எல்லாம் போயின. சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது, அதை அவன் கை மறைத்துக்கொண்டிருந்ததால் அவள் கவனிக்கவில்லை.

கதவு வரைக்கும் போனவள் திரும்பிப் பார்த்தாள். அவன் கண்கள் அவள் போகும் பக்கமெல்லாம் கூடவே போய்க்கொண்டிருந்தன. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“என்னங்க இது, வந்ததுலருந்து கண்ண எடுக்காமப் பாக்குறீக? இன்னைக்கு என்ன, எம்மேல அம்புட்டுப் பிரியம்?”

சொல்லிவிட்டு, திராட்சையைக் கொட்டப் பின்கட்டுக்குப் போனாள். கவிழ்ந்த ஹெட்போனுக்கு அடியில் மின்விசிறி தலையைத் திருப்பி முடித்தது. சுரேஷ்கண்ணனின் வாயோரத்திலிருந்து எச்சில் கோடாக இறங்கி முகவாயில் நின்றது. துடைக்கக் கை எழவில்லை.